மைனர் பாடத்துக்காகப் பம்பைமடு இடத்தை விடலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: "மகளுக்குப் பம்பைமடுவில் உள்ள வவுனியா பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் அறிகை விஞ்ஞானத்தில்தான் ஆசை. அது அங்கே இல்லையாம். வெளிநாட்டில் கணினியை முதன்மையாகவும் அறிகை விஞ்ஞானத்தை மைனராகவும், அதாவது துணைப் பாடமாகவும் படிக்கலாம், 50 வீதப் புலமைப்பரிசிலும் கிடைக்கும் என்கிறார் ஒரு முகவர். முற்பணத்துக்கு வயல் காணியை ஈடு வைக்க யோசிக்கிறோம். மூலச் சான்றிதழ்களையும் அவரிடம் கொடுத்துவிட்டோம். இந்த இடத்தை விடலாமா?"

விட வேண்டாம் ஐயா. பதிவுத் திகதிக்கு முன் போய்ப் பதிந்துவிடுங்கள். தவறினால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும், அதன்பிறகு யாரிடம் முறையிட்டும் பயனில்லை.

மைனர் என்பது எவ்வளவு என்று முகவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நான்கு வருடப் பட்டத்துக்குள் பெரும்பாலும் ஐந்து ஆறு பாடங்கள், அவ்வளவுதான். அதற்கென்று தனிப் பட்டம் இல்லை. அநேகமான இடங்களில் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஒரு வரியாக வரும். வேலை கொடுப்பவர் பார்ப்பது முதன்மைப் பாடத்தை. அந்த ஒரு வரிக்காக இலவசமாகக் கிடைத்த பட்டத்தை விட்டுக் கடன்படுவது கணக்குக்கு ஒத்துவராது.

பிள்ளையின் ஆசை பிழையானதல்ல. மனிதன் எப்படிப் பார்க்கிறான், ஞாபகம் வைக்கிறான், பேச்சை விளங்கிக்கொள்கிறான் என்பதை உளவியல், மொழியியல், மெய்யியல், நரம்பியல், மானிடவியல், செயற்கை நுண்ணறிவு எல்லாம் சேர்ந்து ஆராய்கிற துறை அது. ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையால் எழுதி, மையின் நிறத்தை உடனே சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒரு கணம் தடுமாறுவார். எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளை டக்கென்று 'சிவப்பு' என்று சொல்லிவிடும். வாசிப்பு நமக்குள் அவ்வளவு ஊறிப்போய், வேண்டாமென்றாலும் முந்திக்கொள்கிறது. 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் ஆய்வாக வெளியிட்ட விடயம் இது, இன்றுவரை செய்து பார்க்கிறார்கள்.

இந்தச் சோதனையைக் கணினியில் அமைத்து, தமிழ்ச் சொற்களைக் கொடுத்து, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் எடுக்கிறது என்று அளக்க உங்கள் மகள் பம்பைமடுவில் இருந்தே பழகலாம். இதற்கான சைக்கோபை என்ற மென்பொருள் இலவசம். நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் அவளுடைய பட்டத்திலேயே வரும். தெரிவுப் பாடங்களில் செயற்கை நுண்ணறிவு, மனித கணினி இடைத்தொடர்பு போன்றவை இருந்தால் எடுக்கட்டும். இறுதி வருட ஆய்வுக்குத் தமிழ் வாசிப்பு, தமிழ்ப் பேச்சு என்று ஒன்றைப் பிடிக்கட்டும். உளவியல் அறிமுகத்தை எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் இடிக்கும், அதையும் இப்போதே சரிப்படுத்திக்கொள்வது நல்லது.

பிறகு முதுமாணிக்குப் போகலாம். இந்தியாவில் கான்பூர், காந்திநகர் ஐ.ஐ.டி.களிலும் ஹைதராபாத்திலும் இந்தத் துறையில் மேற்படிப்பும் ஆய்வும் நடக்கின்றன. கணினி படித்த பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வருவது எங்கும் வழமைதான். நான்கு வருடச் சிறப்புப் பட்டமாக முடித்தால் நல்லது. மூன்று வருடப் பட்டத்தை முதுமாணிக்குப் போதாது என்று சொல்கிற நாடுகள் இருக்கின்றன.

இங்கே ஏன் மைனர் இல்லை என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? மெய்யியலும் மொழியியலும் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் இருக்கின்றன, பொறியியல் கிளிநொச்சி அறிவியல்நகரில், தகவல் தொழில்நுட்பம் பம்பைமடுவில். ஒரு வளாகப் பிள்ளை இன்னொரு வளாகத்தில் ஒரு பாடம் படித்துப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. பஸ்ஸில் மூன்று மணித்தியாலத் தூரத்துக்குள் எல்லாமே இருக்கிறது. சேர்த்துவைக்க ஒரு சுற்றறிக்கை போதும், அதை எழுதத்தான் ஆளில்லை.

உயர்தரம் எழுதிய பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிறது. அறுவடை முடிந்து கையில் காசில்லாத நேரம் பார்த்து லொறியோடு வருகிற நெல் வியாபாரி போல, இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் முகவர்கள் மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். பரீட்சைத் திணைக்களம் பெறுபேற்றையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளியையும் நேரத்துக்கு வெளியிட்டால் இவர்களில் பாதிப் பேருக்குத் தொழிலே இருக்காது.

முகவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கிறது. அதற்கு மேல் உங்களிடமும் 'கோப்புச் செலவு', 'பதிவுச் செலவு' என்று வாங்கினால் ஏன் என்று கேளுங்கள். 'நிபந்தனையுடன் கூடிய அனுமதிக் கடிதம்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். நிபந்தனை நிறைவேறாதவரை அது அனுமதியே அல்ல. வங்கியில் காட்டக் காசு இல்லையென்றால் வட்டிக்குப் போட்டுத் தருகிறோம் என்பார்கள். விசா அதிகாரி அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார், அந்தக் கதிரையில் இருந்து பதில் சொல்லப்போவது உங்கள் பிள்ளை.

அடுத்தது அந்த 50 வீதம். ஐயா, அது புலமைப்பரிசில் அல்ல, விலைக்கழிவு. பாதிக் கட்டணத்தைக் கழித்தாலும் மிச்சப் பாதி, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விமான ரிக்கற் எல்லாம் உங்கள் தலையில்தான். போகலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலைமையில்: முழுப் புலமைப்பரிசில். முழு என்றால் கற்கைக் கட்டணம் மட்டுமல்ல, தங்கவும் சாப்பிடவும் சேர்த்து. முதல் வருடத்துக்கு மட்டுமல்ல, பட்டம் முடியும்வரை. புள்ளி எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கடிதம் பல்கலைக்கழகத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து பிள்ளையின் மின்னஞ்சலுக்கு நேரே வர வேண்டும், முகவரின் வாட்ஸ்அப்புக்கு அல்ல. இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்கள் உண்டு, அவற்றுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். விண்ணப்பிக்க முகவருக்குச் சதம்கூடக் கொடுக்கத் தேவையில்லை. இவை எல்லாம் கையில் இருந்தால் பம்பைமடுவை விடுவதைப் பற்றிப் பேசலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

காணியைப் பற்றி. வன்னியில் பல குடும்பங்களின் வயல் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. உங்களுடையதும் அப்படியென்றால் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் தனியாருக்கு ஈடு வைப்பது சட்டப்படி செல்லாது. செல்லாது என்று தெரிந்தும் கடன் கொடுக்க ஒருவர் முன்வந்தால், அவர் காசைத் திருப்பி வாங்க நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். 'மனம் பற்றிய படிப்பு' என்றவுடன் மூன்று மாத, ஆறு மாத உளவளத்துணை டிப்ளோமாக்களை யாராவது உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டங்களில் இந்தச் சான்றிதழ்கள் மழைக் காளான் மாதிரி முளைத்தன. அறிகை விஞ்ஞானம் உளவளத்துணை அல்ல. அதை நான்கு வருடம் படித்தாலும் நோயாளிக்குச் சிகிச்சை செய்ய முடியாது. சிகிச்சை உளவியலாளராக வருவது மகளின் எண்ணம் என்றால் அது வேறு வழி, உளவியலை முதன்மையாகவே படித்து மேலே போக வேண்டும். அவளிடமே நேரே கேளுங்கள்: மனம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ஆசையா, மனம் நொந்தவர்களுக்கு உதவ ஆசையா? இரண்டாவது என்றால் மேலே நான் சொன்ன பாடத் தெரிவுகள் அவளுக்குப் பொருந்தாது.

சரி, சான்றிதழ்கள். நாளைக்கே போய் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு உறுதிப்படுத்திய பிரதி போதும், மூலப் பத்திரத்தை வைத்திருக்க எந்த முகவருக்கும் உரிமையில்லை. பம்பைமடுவில் பதியவும் அதே மூலப் பத்திரங்கள் வேண்டும். 'கொழும்புக்கு அனுப்பிவிட்டோம்' என்றால் யாருக்கு, எந்தத் திகதியில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காசும் கட்டியிருந்தால் அந்தச் சண்டையை அன்றைக்குத் தொடங்க வேண்டாம். முதலில் சான்றிதழ் கைக்கு வரட்டும், காசுக் கணக்கைப் பிறகு பற்றுச்சீட்டோடு போய்ப் பேசலாம்.