அம்மாவுக்கு டி.பி.; அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 81. டர்பனுக்கு வடக்கே, நார்த் கோஸ்ட் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். சர்க்கரை வியாதி உண்டு. விடாத இருமல், உடம்பும் இளைத்துவிட்டது என்று டர்பனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டி.பி. என்று தெரிந்தது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் அம்மாவிடம் "நெஞ்சுச்சளி" என்று சொல்லி முடித்துவிட்டார். உண்மை தெரிந்தால் அம்மா உடைந்துபோவார் என்கிறார். ஜோஹன்னஸ்பர்க் சித்திக்குக்கூட விஷயம் தெரியும். மாத்திரை தொடங்கியதிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று அம்மா பயந்துபோய் இருக்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: சொல்லிவிடுங்கள் சகோதரி. இந்த வாரமே.

முதலில் அந்தச் சிறுநீர் விஷயம். டி.பி. மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு, சிவப்பு நிறமாக்கும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். அதனால் கெடுதல் இல்லை. டி.பி. மாத்திரை என்று தெரிந்திருந்தால் நர்ஸ் ஒரு வார்த்தையில் விளக்கியிருப்பார். நெஞ்சுச்சளி என்று நம்புகிற அம்மா, கிட்னி போய்விட்டது என்று ராத்திரி முழுக்க விழித்துக்கிடப்பார். பயப்படக் கூடாதென்று மறைத்தீர்கள். பயம் வேறு வழியாக வந்துவிட்டது.

உங்கள் அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவின் இளமைக் காலத்தில் டி.பி. என்றாலே கிங் ஜார்ஜ் ஆஸ்பத்திரிதான். போனவர் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். இன்று அதற்குக் கிங் டினுசூலு என்று பெயர். வைத்தியமும் அடியோடு மாறிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படும் டி.பி.க்கு ஆறு மாத மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. அரசு கிளினிக்கில் காசு வாங்குவதில்லை. இங்கேதான் மறைப்பது ஆபத்தாகிறது. சில வாரத்தில் இருமல் அடங்கும், பசி திரும்பும். "சளிதான் போயிடுச்சே, இத்தனை மாத்திரை எதுக்கு?" என்று அம்மா கேட்டால் அண்ணன் என்ன சொல்வார்? பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாத வகையாகவும் மாறலாம்.

சட்டமும் அம்மா பக்கம்தான். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவு: நோய் என்ன, என்ன வைத்தியம், அதில் என்ன நன்மை, என்ன ஆபத்து என்று நோயாளிக்கே தெரிவிக்க வேண்டும், முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில். சொன்னால் அவருக்கே கேடு என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால் விலக்கு உண்டு. "மனசு கஷ்டப்படும்" என்பது அந்த ஆதாரமாகாது. சித்திக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பதும் அம்மா முடிவு செய்ய வேண்டியது. அதை ஏற்கெனவே கோட்டைவிட்டுவிட்டீர்கள், இனியாவது அவரைக் கேளுங்கள்.

டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ நேரம் கேட்டு அம்மாவின் கட்டிலருகே உட்காருங்கள். தமிழில் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். அண்ணன் வேண்டாம், மறைக்க நினைப்பவர் வாயில் பாதிதான் வரும். "அம்மா, உங்களுக்கு வந்திருப்பது டி.பி. மருந்து வேலை செய்யும் வகைதான்னு டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கு. ஆறு மாசம் விடாம சாப்பிடணும்." இவ்வளவு போதும். அப்புறம் அவர் பேசட்டும்.

"நான் செத்துருவேனா?" என்று கேட்டால், "சேச்சே" என்று தள்ளிவிடாதீர்கள். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். வயதும் சர்க்கரையும் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். உண்மை அதுதான், அதையே சொல்லுங்கள். நிச்சயம் குணமாகும் என்று சத்தியம் செய்யாதீர்கள். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே சொல்லும்படி அம்மாவிடமே சொல்லிவையுங்கள்.

அடுத்து பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். டி.பி. காற்றில் பரவும். தட்டு, டம்ளரில் பரவாது. வீட்டில் யாராவது அம்மாவுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்திருந்தால் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பொதுவாக இரண்டு வாரத்தில் பரவும் அபாயம் வெகுவாகக் குறையும். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், அம்மா மாஸ்க் போடட்டும். வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். டி.பி. நோயாளிகள் எல்லோரையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் கேட்பது இங்கே வழக்கம். 81 வயதில் எதற்கு என்று அண்ணன் எகிற வேண்டாம், அதற்கும் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான்.

டிஸ்சார்ஜ் அன்று எந்தக் கிளினிக், எந்தத் தேதி என்று எழுதிய கடிதத்தையும், அதுவரைக்குமான மாத்திரையையும் கையில் வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.