எலாஸ்டிக்சர்ச்சில் தேடினால் வரும் டாக்குமென்ட், ஐடி கொடுத்துக் கேட்டால் 404 ஆவது ஏன்?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் பைதான் கிளையன்டில் சர்ச் போட்டால் டாக்குமென்ட் வருகிறது, அதே ஐடியை கெட் என்ற கட்டளைக்கு (ஐடி கொடுத்து ஒரு டாக்குமென்டை எடுப்பது) கொடுத்தால் நாட்ஃபவுண்ட் எரர் விழுகிறது, அதுவும் சில ஐடிகளுக்கு மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "சில ஐடிகளுக்கு மட்டும்" என்பதுதான் நல்ல துப்பு. லைப்ரரியின் வெர்ஷனை மாற்றிப் பார்க்கும் முன் ரூட்டிங்கை, அதாவது டாக்குமென்ட் எங்கே வைக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பை, பாருங்கள்.

அதற்கும் முன், எரரோடு வரும் பதிலை முழுதாகப் பிரின்ட் செய்து படியுங்கள். 404 இரண்டு விதமாக வரும். டாக்குமென்ட்கள் வைக்கப்படும் தொகுப்பான இண்டெக்ஸே இல்லையென்றால் இண்டெக்ஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் என்று எழுதியிருக்கும். பெயரில் பிழை இருக்கும், அல்லது வேறு கிளஸ்டரோடு (எலாஸ்டிக்சர்ச் ஓடும் சர்வர்களின் கூட்டம்) பேசிக்கொண்டிருப்பீர்கள். இண்டெக்ஸ் இருந்து டாக்குமென்ட் மட்டும் அகப்படவில்லை என்றால் ஃபவுண்ட் என்ற இடத்தில் ஃபால்ஸ் இருக்கும். உங்களுக்கு வருவது இதுதான்.

இன்னும் ரெஃப்ரெஷ் ஆகவில்லையோ என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் அது நேர்மாறாக நடக்கும். புதிதாக எழுதியது சர்ச்சில் தெரிய ரெஃப்ரெஷ் ஆக வேண்டும், இயல்பாக அது 1 நொடி. கெட் அதற்குக் காத்திருப்பதில்லை, எழுதிய உடனே கேட்டாலும் எடுத்துத் தரும். சர்ச்சில் இருந்து கெட்டில் இல்லை என்றால் காரணம் வேறு.

ஒரு இண்டெக்ஸ், ஷார்டு எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு டாக்குமென்ட் எந்த ஷார்டுக்குப் போக வேண்டும் என்பதை எலாஸ்டிக்சர்ச் ரூட்டிங் மதிப்பின் ஹாஷைக் (அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்) கொண்டு முடிவு செய்கிறது. எதுவும் கொடுக்காவிட்டால் ஐடியே ரூட்டிங். எழுதும் நிரல் கஸ்டமர் எண்ணை ரூட்டிங்காகக் கொடுத்து, படிக்கும் நிரல் ஐடியை மட்டும் கொடுத்தால், கெட் வேறு ஷார்டில் போய்த் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பும். சர்ச் எல்லா ஷார்டுகளையும் கேட்பதால் அதற்குக் கிடைத்துவிடுகிறது. 5 ஷார்டு இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்செயலாகச் சரியான ஷார்டில் விழும். எல்லா ஐடிக்கும் இல்லாமல் சிலவற்றுக்கு மட்டும் எரர் விழுவது அதனால்தான்.

டெவலப்மென்ட் மெஷினில் இது தலைகாட்டாததற்கும் காரணம் உண்டு. 7.0 வெர்ஷனிலிருந்து புது இண்டெக்ஸுக்கு இயல்பாக 1 ஷார்டுதான், முன்பு 5. ஒரே ஷார்டு என்றால் தவறான ஷார்டுக்குப் போக வழியே இல்லை. ஆகவே டெஸ்ட் செய்யும் இண்டெக்ஸிலும் புரொடக்‌ஷனில் உள்ள அளவுக்கு ஷார்டு வையுங்கள்.

உறுதி செய்வது எளிது. சர்ச்சில் வந்த ஹிட்டில் ஐடிக்குப் பக்கத்தில் அண்டர்ஸ்கோர் போட்ட ரூட்டிங் ஃபீல்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே மதிப்பை கெட்டின் ரூட்டிங் ஆர்க்யுமென்டில் கொடுங்கள், வந்துவிடும். படிக்கும் இடத்தில் அந்த மதிப்பு தெரியாது என்றால் கெட்டை விட்டுவிட்டு ஐடிகளைக் கொண்டு தேடும் ஐடிஸ் குவெரியோடு சர்ச் செய்யுங்கள்.

சரி, கெட் வந்துவிட்டது என்று இதோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது அடுத்ததுதான். ரூட்டிங் கொடுத்து எழுதும்போது, ஒரு ஐடி இண்டெக்ஸ் முழுக்க ஒன்றுதான் என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. ரூட்டிங் இல்லாமல் யாராவது அதே ஐடியை மறுபடி இண்டெக்ஸ் செய்தால் வேறு ஷார்டில் இரண்டாவது பிரதி பிறக்கும், எரர் எதுவும் வராது. அப்புறம் சர்ச்சில் ஒரே ஐடி இரண்டு தடவை வரும், ஒன்றில் பழைய விலை, மற்றதில் புதிய விலை. டெலீட்டும் அப்படித்தான்: தவறான ஷார்டில் தேடிவிட்டு 404 தரும், உண்மையான டாக்குமென்ட் அப்படியே இருக்கும். "ஏற்கெனவே போய்விட்டது போல" என்று அந்த 404-ஐ நிரலில் விழுங்கிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. வாடிக்கையாளர் நீக்கச் சொன்ன தகவல் இப்படித் தங்கிப்போவது சாதாரண விஷயமில்லை. உங்கள் டெலீட் நிரலை இன்றே பாருங்கள்.

ரூட்டிங் தேவையே இல்லை என்று தெரிந்தால், ரீஇண்டெக்ஸ் செய்யும்போது (டாக்குமென்ட்களைப் புது இண்டெக்ஸுக்கு நகலெடுப்பது) டெஸ்டினேஷனில் ரூட்டிங்கை டிஸ்கார்ட் என்று கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய மதிப்பே கூட வரும். இரட்டைப் பிரதிகளை முதலில் தீர்த்துவிடுங்கள், இல்லையேல் எது கடைசியில் எழுதப்படுகிறதோ அதுதான் மிஞ்சும். டாக்குமென்ட்களைப் பேரன்ட், சைல்டு என்று இணைக்கும் ஜாயின் ஃபீல்டு வைத்திருந்தால் இந்த வழி கிடையாது, அங்கே பேரன்ட்டும் சைல்டும் ஒரே ஷார்டில் இருந்தாக வேண்டும்.

ரூட்டிங் தேவை என்றால், புது இண்டெக்ஸின் மேப்பிங்கில் (ஃபீல்டுகளின் அமைப்பைச் சொல்லும் இடம்) அதைக் கட்டாயம் என்று வையுங்கள். ரூட்டிங் இல்லாத கோரிக்கைக்கு 404-க்குப் பதில் 400 வரும், என்ன குறை என்பதும் பதிலிலேயே எழுதியிருக்கும்.