பாலைவனத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரம் டிரெயில் கேமரா (ஏதாவது முன்னே நடமாடினால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) வைத்து மான்களைக் கவனிக்க முடியுமா? எத்தனை மான் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். இரண்டாவதற்கு: பெரும்பாலும் முடியாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், டூசான் பக்கம் இருக்கிறேன். வேட்டைக்குப் போவதில்லை, கோடையில் கேமரா வைத்து மான் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதனால் இங்கே சொல்வது எல்லாம் சொனோரன் பாலைவனத்துக்கான கணக்கு.

இங்கே இரண்டு மான்கள் உண்டு. கீழே சமவெளியிலும் மலையடிவாரச் சரிவுகளிலும் திரிவது மியூல் மான். பெரிய காது, வால் நுனியில் கறுப்பு, ஆண் என்றால் கொம்பு இரண்டாகக் கவைத்து அந்தக் கவையும் மறுபடி கவைக்கும். மேலே ஓக் மரங்கள் தொடங்கும் உயரத்தில் இருப்பது கோஸ் வெள்ளைவால் மான். உருவத்தில் சின்னது, ஒரே தண்டிலிருந்து கிளைகள் எழும்பும் கொம்பு. நடுவே உள்ள உயரத்தில் கேமரா வைத்தால் இரண்டும் ஒரே தொட்டிக்கு வரும். இரவுப் படத்தில் நிறம் தெரியாது என்பதால் கொம்பையும் காதையும் வாலையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பெண் மான் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வந்து நின்றால் சில சமயம் நானும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

கேமரா வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். அரிசோனாவில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்காகவோ, வேட்டைக்கு உதவவோ டிரெயில் கேமராவைப் பயன்படுத்தக் கூடாது. எடுத்த படங்களுக்கும் அதே தடைதான். மாநில வனவிலங்கு ஆணையம் 2021-ல் இதை முடிவு செய்தது. வறண்ட நாட்டில் தண்ணீர் இருக்கும் இடங்கள் கொஞ்சம், அவையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே குட்டையைச் சுற்றிப் பல கேமராக்கள், அதைப் பார்க்க வந்து போகும் வண்டிகள், ஆள்களுக்குள் சண்டை என்று போய்க்கொண்டிருந்தது. என் பார்வையில் நல்ல முடிவு. சும்மா பார்ப்பதற்கும் ஆய்வுக்கும் தடை இல்லை. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்து நண்பர் ஒருவர் துப்பாக்கியோடு கிளம்பினால் விஷயம் வேறு. அதனால் நான் இடத்தின் பெயரைச் சொல்லிப் படம் பகிர்வதே இல்லை. நெவாடா, யூட்டா மாநிலங்களில் விதிகள் வேறு, எந்தத் தேதிகளில் தடை என்ற கணக்கும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் கேமராவைக் கட்டிவிட்டு வர முடியாது. அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலத்துக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும்.

இன்னொரு விதியும் இருக்கிறது, எனக்குப் பிடித்த விதி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில், விலங்குகள் வர முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் அடிப்பது இங்கே குற்றம். கேமராக்காரர்களும் இதன் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் தொட்டி ஓரம் நாம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதோ ஒன்று புதருக்குள் தாகத்தோடு காத்திருக்கிறது. பொருத்து, கிளம்பு. கேமராவின் நினைவக அட்டையிலிருந்து படங்களை எடுத்து வரப் போவதை நான் நடுப்பகலில் வைத்துக்கொள்கிறேன். அப்போதுதான் மான் வருவது குறைவு. குடிக்கத் தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள், நமக்கும் அது பாலைவனம்தான்.

தண்ணீர் என்றால் இங்கே மூன்று விதம். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர், மாட்டுக்காக மண் அணைத்து வெட்டிய குட்டை, அப்புறம் கஸ்லர். கஸ்லர் என்பது தகரக் கூரை அல்லது சிமென்ட் தளத்தில் விழும் மழையைப் பிடித்து, நிழலான தொட்டியில் தேக்கி வைக்கும் அமைப்பு. ஆரம்பத்தில் காடைகளுக்காகக் கட்டினார்கள், பிறகு மான் போன்ற பெரிய விலங்குகளுக்கும். வறட்சி கடுமையாகும் ஆண்டுகளில் மாநில வனவிலங்குத் துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறது. கேமராவுக்குக் கஸ்லர்தான் வசதி: விலங்கு எந்தப் பக்கம் இறங்கும், எங்கே வாய் வைக்கும் என்று முன்பே தெரியும். மாட்டுக் குட்டையில் கரை முழுக்க வழிதான். ஈர மண்ணில் குளம்படி அடர்ந்திருக்கும் ஓரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பொருத்துவதில் முக்கியமான விஷயம் சூடு. இந்தக் கேமராக்களின் உணரி உடல் வெப்பத்தைத் தனியாக அளப்பதில்லை. பின்னணிக்கும் அதன் முன்னே நகரும் பொருளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. டூசானில் ஜூன் மதியம் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும், பாறையும் மண்ணும் அதைவிடக் கொதிக்கும். மானின் உடலும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது கேமரா கண்ணைத் திறக்காது. கண் முன்னால் நின்று குடித்துவிட்டுப் போகும், அட்டையில் ஒன்றும் இருக்காது. அதே நேரத்தில் வெயிலில் காய்ந்த ஒரு கிரியோசோட் புதரின் கிளை காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும். ஆகவே "பகலில் மானே வரவில்லை" என்ற முடிவுக்கு வருமுன், சில நாள்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும் முறையையும் சேர்த்து ஓட விடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் உணரி எவ்வளவு தவற விடுகிறது என்று தெரிந்துவிடும்.

லென்ஸ் வடக்கு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காலையோ மாலையோ படம் வெளுத்துப்போகும். மான் கேமராவை நோக்கி நேரே நடந்து வருவதைவிட, குறுக்கே கடந்து போகும்படி கோணம் வைத்தால் உணரி சீக்கிரம் பிடிக்கும். தண்ணீரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி, மான் நெஞ்சு உயரம் போதும். கட்டுவதற்கு மரம் கிடைக்காது. இரும்பு முளை ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள், தொட்டியின் மேலேயே மாட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி விலை அதிகம், ஆனால் இந்தச் சூட்டில் அதுதான் தாக்குப்பிடிக்கும். இரவு வெளிச்சத்துக்கு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தொலைவு காட்டும், ஆனால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் 940 போதும். மழைக்காலம் நெருங்கினால் காட்டோடைப் படுகையில் கேமரா இருக்கவே கூடாது. மலையில் எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வெள்ளமாக வந்து முளையோடு கொண்டுபோகும்.

படங்களில் என்ன பார்க்கலாம்? எனக்குப் பிடித்தது, குடிப்பதற்கு முந்தைய நிமிடங்கள். பெண் மான் சட்டகத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். அடுத்த படத்திலும் அதே இடம், ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியிருக்கும். அதற்கடுத்த படத்தில் இரண்டடி முன்னே. தலையைத் தாழ்த்தி, வாய் தண்ணீரைத் தொடுவதற்குள் சடாரென்று தூக்கும். மறுபடி தாழ்த்தும். ஒருவழியாகக் குடிக்கத் தொடங்கினால், காதுகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து ஆளுக்கொரு திசையைக் காவல் காக்கும். இரண்டு மான் வந்தால் ஒன்று குடிக்க மற்றது வெளிப்பக்கம் பார்த்து நிற்பதையும் அடிக்கடி காணலாம். இந்தப் பயத்துக்குக் காரணம் சில மணி நேரம் கழித்து அதே அட்டையில் வரும்: மலைச் சிங்கம், அதாவது பூமா, சாவகாசமாக நக்கிக் குடித்துவிட்டுப் போகும். கயோட்டி (சிறிய ஓநாய் போன்றது), ஜாவலினாக் (காட்டுப் பன்றி போன்றது) கூட்டம், சாம்பல் நரி, பறந்தபடியே நீரைத் தொட்டுச் செல்லும் வௌவால் எல்லாமே அந்த ஒரே தொட்டிக்குத்தான் வந்தாக வேண்டும்.

மே கடைசியும் ஜூனும்தான் உச்சம். மழைக்கு முந்தைய அந்த வாரங்களில் வருகை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. பெண் மான்கள் அப்போது சினையாக இருப்பதால் தண்ணீரை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆண்களுக்கு வெல்வெட் தோல் போர்த்திய கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும். குட்டிகள் மழையோடு ஒட்டிப் பிறக்கின்றன. புள்ளி போட்ட குட்டியைப் படத்தில் பார்க்க ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டும். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை என்பது படங்களின் நேரத்தைக் குறித்து வைப்பவர்களுக்கு ஒரு சின்ன நிம்மதி.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரே இரவில் பன்னிரண்டு மான் படம் இருந்தால் பன்னிரண்டு மான் என்று அர்த்தம் இல்லை; ஒன்றே திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். ஆண்களைக் கொம்பின் அமைப்பை வைத்து ஓரளவு தனித்தனியாக அடையாளம் காணலாம், அதுவும் அந்த ஆண்டுக்கு மட்டும். கொம்பு உதிர்ந்து அடுத்த ஆண்டு புதிதாக முளைக்கும். பெண்களுக்கு அந்த வசதியும் இல்லை. கிழிந்த காது, பழைய தழும்பு ஏதாவது இருந்தால் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் மழை. ஜூலையில் முதல் நல்ல மழை விழுந்த மறுநாளிலிருந்து அட்டை காலியாகிவிடும். மான் எங்கும் போகவில்லை. பாறைக் குழி எல்லாம் நிரம்பிவிட்டது, தழை ஈரமாகிவிட்டது, அது நம் தொட்டிக்கு வர வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆக, மழை நன்றாகப் பெய்த வருடத்தில் படம் குறையும், வறண்ட வருடத்தில் கூடும். படத்தை மட்டும் எண்ணுகிறவர் வறட்சியில் மான் பெருகிவிட்டது என்று எழுதி வைப்பார்! தாகம் எவ்வளவு என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி. வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டுமென்றால் அதே தொட்டி, அதே கோணம், மழைக்கு முந்தைய அதே வாரங்கள், கூடவே அந்த ஆண்டின் மழைக் குறிப்பு. அப்போதும் நூறு பெண்ணுக்கு எத்தனை குட்டி என்பது போன்ற விகிதத்தைத்தான் நான் கொஞ்சமாவது நம்புவேன், மொத்த எண்ணிக்கையை நம்ப மாட்டேன்.

பெரிய கொம்புள்ள ஆண்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் தண்ணீரை விட்டு நகருங்கள். மியூல் மானின் இணைசேரும் காலம் இங்கே டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும். அப்போது ஆண் மான் பெண்களின் தடத்தைப் பிடித்தே அலையும். மழைக்காலம் முடிந்ததும் கேமராவை ஓடைப் படுகையைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடித் தடங்களுக்கு மாற்றிவிடுங்கள்.