எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு நகரில் வசிக்கிறேன். மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதி. தெருவுக்குத் தெரு புங்கையும் வேம்பும் நிற்கின்றன. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இளைஞன் என்று சொல்லத்தக்கவன் நான் ஒருவன்தான். இந்த ஆண்டு பொங்கல் விழாவை முதன்முறையாக எல்லாத் தெருக்களும் சேர்ந்து கொண்டாடினோம். கோலப் போட்டி, உறியடி, குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம், மாலையில் கலைநிகழ்ச்சி. விழாவுக்கு முந்தைய இரவு மூன்றாம் தெருவில் ஒரு வயதான அம்மா இறந்துவிட்டார். ஒத்திவைக்கலாமா என்று பேச்சு வந்தது. கடைசியில் ஒலிபெருக்கியை மட்டும் மதியம் வரை நிறுத்திவைத்து விழாவை நடத்தினோம். நல்ல கூட்டம்.

அந்த உற்சாகத்தில் மாதம் ஒரு செய்தி மடல் அச்சிட முடிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் சண்டை என்பதால் மடலில் நல்ல செய்திகள் மட்டுமே வர வேண்டும், புகாரும் துக்கமும் கூடாது என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பொறுப்பு எனக்கு. மடலுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள். கவிதைகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கலாம்? அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா? இளைஞர்களை எப்படி வரவழைப்பது?

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கோலப் போட்டியில் பரிசு பெற்ற மூவரின் பெயர்கள் இருந்தன. பானையை உடைத்த பையனின் பெயர் இருந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பொன்னாடை போர்த்தியவர், போர்த்திக்கொண்டவர் எல்லோரும் பெயரோடு இருந்தார்கள். மூன்றாம் தெருவில் இறந்துபோனவருக்கு மட்டும் பெயர் இல்லை. அவர் ‘ஒரு வயதான அம்மா’.

இந்தப் பதிலை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். சில மாதங்களுக்கு முன் என் பழைய தெருவில் வாழ்ந்த ஒருவர் எந்த ஆண்டு இறந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே போய் வீடு வீடாகக் கேட்டேன். அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆண்டைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ‘சுனாமிக்கு அப்புறம்தான்’ என்றார் ஒருவர். ‘இல்லை, அதற்கு ரொம்ப முன்னால்’ என்றார் அவர் மனைவி. அன்றிலிருந்து இது என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பெயர் எதுவாக இருந்தாலும் சரி, நகரின் பெயரையே வைத்துவிடுங்கள். கவிதைக்கு ஒரு பக்கமும் வேண்டாம். கவிதை எழுதுகிறவர்களுக்கு இன்று போக்கிடம் நிறைய இருக்கிறது. உங்கள் மூன்றாம் தெருவின் செய்திக்கு வேறு போக்கிடம் கிடையாது. பதிவைப் பொறுத்தவரை, 1867ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023இல் நிறைவேறிய புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுச் செய்திகளைத் தாங்கி மாதந்தோறும் வருவதாக இருந்தால், விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு அச்சுக்குப் போங்கள். இளைஞர்கள் விஷயத்தை விட்டுவிடலாம்.

இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருகிறேன். நல்ல செய்திகள் மட்டும், துக்கம் கூடாது. தம்பி, இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்களா? உங்கள் செயற்குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓய்வு பெற்றவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தம் சாவு தம் தெருவிலேயே சொல்லப்படக் கூடாது என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தைவிட அதிகமாக வருத்தம் வருகிறது.

விழா பெரிதா, செய்தி பெரிதா என்று கேட்டால் எல்லோரும் விழா என்பார்கள். சென்னையில் நடந்ததைப் பாருங்கள். எஸ். முத்தையா ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கியது 1991இல். வின்சென்ட் டிசோசா ‘மைலாப்பூர் டைம்ஸ்’ வார இதழைத் தொடங்கியது 1994இல். இரண்டும் ஆங்கில இதழ்கள்தான். ஆனால் ஒரு தெருவின் சாக்கடை, ஒரு பழைய கட்டடத்தின் இடிப்பு, ஒரு பள்ளியின் நூற்றாண்டு என்று பெரிய நாளிதழ்கள் குனிந்து பார்க்காததையெல்லாம் இவை பார்த்தன. இப்படி எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான், சசி நாயருடன் சேர்ந்து, 2004இல் சென்னை தினத்தைத் தொடங்கினார்கள். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு துண்டு கடற்கரை கிடைத்த நாள் இந்த ஊருக்குப் பிறந்தநாள் ஆயிற்று. இன்று ஆகஸ்ட் வந்தால் நகரெங்கும் நடைப்பயணம், பேச்சு, புகைப்படக் கண்காட்சி. முதலில் பத்தாண்டுக்கு மேலாகச் செய்தி. பிறகுதான் விழா. தங்கள் ஊரில் யார் இருந்தார்கள், என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டவர்கள் கொண்டாடக் கூடினார்கள். நீங்கள் விழாவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். தவறில்லை, ஆனால் செய்தியை விழாவின் நீட்சியாக ஆக்கிவிடாதீர்கள். மாதாமாதம் பொன்னாடைப் படங்களை யாரும் எடுத்துவைத்துப் படிக்க மாட்டார்கள்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று நீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் ஏறியது. மின்சாரம் இல்லை, கைபேசியும் கைகொடுக்கவில்லை. படகு வந்தபோது, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் படியேற முடியாதவர் படுத்திருக்கிறார் என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். நல்ல செய்தி மட்டும் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. யார் வீட்டில் கணவர் போய் மனைவி தனியாகிவிட்டார் என்பதை ஒரு தெரு தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைச் சொல்வது துக்கச் செய்தி ஒன்றுதான்.

நான் வளர்ந்த மேற்குத் தாம்பரத்துத் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரே அறை, இரண்டு பெஞ்சு, நாளிதழ்கள். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் தினமும் மாலை எழுதுகிறவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் போர்டுக்காரர். வேலை முடிந்து சைக்கிளில் வந்து, முகம் கழுவிக்கொண்டு, சுண்ணக்கட்டியை எடுப்பார். மேல்பாதியில் நாட்டுச் செய்தி இரண்டு, பத்திரிகையைப் பார்த்து. கீழ்ப்பாதி முழுக்கத் தெருச் செய்தி. குழாயில் நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்துவிட்டதா, யார் வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினான், யாருடைய ஆடு காணவில்லை. யாராவது இறந்திருந்தால் அது மேல்பாதிக்குப் போகும். பிரதமர் பேச்சை அழித்துவிட்டு எழுதுவார்.

ஒருநாள் பால் ஊற்றும் அம்மா இறந்துபோனார். தெருவில் அத்தனை வீட்டுப் பாத்திரமும் அவருக்குத் தெரியும். போர்டுக்காரரிடம் யாரோ வந்து, ‘பால்காரம்மா தவறிவிட்டது, எழுதிவிடுங்கள்’ என்றார்கள். அவர் எழுதவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். பின்சீட்டில் நானும் இருந்தேன். பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர், வயது என்ன, பிள்ளைகள் எத்தனை என்று மூத்த மகனிடம் மெதுவாகக் கேட்டார். கடைசியாக, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். திரும்பி வந்து எழுதினார். அவ்வளவு ஆண்டுகளாகப் பால் வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் அவர் பெயரைப் படித்தார்கள். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. மூன்றரைக்கெல்லாம் தெரு அங்கே போய் நின்றது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் பேரப்பிள்ளைகளைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை, அதுவும் போர்டுக்காரர் கற்றுக்கொடுத்ததுதான்.

அந்தப் பலகையை ஒவ்வொரு மாலையும் ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. புதிதாக எழுத இடம் வேண்டுமே. போர்டுக்காரர் எழுதியதில் ஒரு வரிகூட இன்று எங்கும் இல்லை. அவர் இறந்தபோது அதை எழுத அந்தப் பலகையும் இல்லை. படிப்பகத்தை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். என் பழைய தெருவில் நான் வீடு வீடாகக் கேட்டேன் என்றேனே, அவர் இறந்த ஆண்டைத்தான் கேட்டேன்.

உங்களிடம் அச்சு இருக்கிறது, தம்பி. துடைக்க முடியாத பலகை கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, துக்கம் கூடாது என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிசைப் பகுதியில் ஒருவர் இறந்தால் மறுநாள் சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி, படம், கீழே உற்றார் உறவினர், நண்பர்கள் பெயர்வரிசை. ஒரு மழைக்குக் கிழிந்துபோகும் காகிதம்தான். ஆனால் ஒரு வாரமாவது அந்த மனிதரின் பெயரும் இரண்டு தேதிகளும் ஊர் பார்க்கும்படி இருக்கின்றன. மரங்கள் அடர்ந்த உங்கள் நகர்களின் சுவர்களில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருக்கிறது. ஃப்ரீசர் பெட்டி வருகிறது, ஷாமியானா போடுகிறார்கள், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை கைபேசியில் பார்க்கிறான், சாயங்காலத்துக்குள் தெருவைக் கழுவி விடுகிறார்கள். மறுநாள் அந்த வழியே போகிறவருக்கு அங்கே ஒருவர் வாழ்ந்ததற்கு எந்தத் தடயமும் கிடையாது. வசதி வந்ததும் நாம் முதலில் விட்டது இதைத்தான். உங்கள் மடல் எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், இதற்குத்தான் என்று சொல்லுங்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போங்கள், ஆனால் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். காரியம் முடிந்த பிறகு இன்னொரு முறை போய் உட்காருங்கள். முழுப் பெயர், பிறந்த ஊர், இந்த நகருக்கு வந்த ஆண்டு, செய்த வேலை. வேலை என்றால் சம்பள வேலை மட்டும் இல்லை. அந்த அம்மா எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், யார் வீட்டுப் பிரசவத்துக்குத் துணை போனார் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கேட்டதை இன்னொருவரிடம் சரிபாருங்கள். வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றதை எடுத்துவிடுங்கள். புகழ்ச்சி வேண்டாம், பத்து வரி போதும். தெருவில் குடியிருப்பவருக்கு மட்டும் என்று கோடு போடாதீர்கள். காவலாளி, வீட்டு வேலைக்கு வருகிறவர், குப்பை வண்டி தள்ளுகிறவர் இறந்தாலும் அவர் வீட்டுக்கு இதேபோல் போங்கள், அதே அளவு எழுத்தில் போடுங்கள். செயற்குழு மறுத்தால் ஆசிரியர் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

மரங்களைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். யார் நட்டது என்று தெரியுமா? உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது கிறிஸ்தவக் கல்லூரி. 1937இல் அந்த வளாகத்துக்கு இடம்பெயர்ந்தபோது அது பெரும்பாலும் புதர்க்காடு. அங்கே மரம் வளர்த்தவர்களில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது, எழுதிவைத்தவர்கள் இருந்ததால். உங்கள் தெருப் புங்கைகளை நட்டவர்களும் உங்கள் நகரிலேயே எண்பது வயதில் இருக்கக்கூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எந்தத் தெருவில் எந்த மரம் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியும். இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

புகார் கூடாது என்பதற்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. உங்கள் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்தாருக்குக் கிடைத்த இடம் அது. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். யார் என்ன கேட்டார், கவுன்சிலர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார் என்று அப்படியே எழுதி இரண்டாம் பக்கத்தில் போடுங்கள். அந்தத் தேதி கடந்ததும் மறுபடியும் போடுங்கள்.

அன்புடன்.