மேற்கே மின்னல், இங்கே புழுக்கம்

மாசிக் கடைசியிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, கோடை இடிமழை பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பங்குனி பிறந்ததும் வடகம் பிழிந்து மொட்டைமாடியில் காயவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பத்து நாளாகப் புழுக்கம் தாங்க முடியவில்லை. தினமும் பொழுது சாய்ந்தால் மேற்கே மின்னுகிறது. கொட்டித் தீர்க்கப்போகிறது என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடி வருகிறோம். ஒரு சொட்டுகூட விழுவதில்லை. ஆனால் போன வருடம், புழுக்கமே இல்லாமல் அனலாக வெயில் அடித்த ஒரு நாளில், சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு படி அரிசியின் வடகம் கூழாகிவிட்டது. புழுக்கம் வந்தால் மழை வரும் என்று சொல்வது உண்மைதானா?
(ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பாதி உண்மை, அம்மா. புழுக்கம் வந்துவிட்டதென்றால் இடிமழைக்கு வேண்டிய சரக்கு வந்து இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் சரக்கு இறங்கிய வீட்டிலெல்லாம் அன்றைக்கே சமையல் நடக்கும் என்று சொல்ல முடியாது.

சரக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்த எவர்சில்வர் சொம்பு ஒன்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒரு வெப்பமானியை உள்ளே நிறுத்தி, ஐஸ்கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். சொம்பின் வெளிப்புறப் பளபளப்பு முதன்முதலாக மங்கி, விரலால் கோடு இழுக்க முடிகிற அளவுக்கு வியர்க்கும்போது வெப்பமானி காட்டுகிற எண்ணுக்குப் பனிநிலை என்று பெயர். தை மாதக் காலையில் நம் கடற்கரையில் அது 20, 21 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். பங்குனிக் கடைசியில் 24, 25-க்கு ஏறிவிடும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசமாகத் தோன்றினாலும், பனிநிலை 20 டிகிரியாக உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவிதான் இருக்கும், 25 டிகிரியாக உள்ள காற்றில் 23 கிராம் இருக்கும். வாடைக்காற்று அடங்கி, காற்று கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி, சூடேறிய வங்கக்கடலின் மேல் நெடுந்தொலைவு நகர்ந்து வருவதால் இந்தச் சுமை கூடுகிறது. உங்கள் முதுகில் வழியும் வியர்வை உலராமல் நிற்பதும் அதே நீராவியால்தான்.

அவ்வளவு ஈரம் வந்த பிறகும் ஏன் மழை பெய்வதில்லை என்றால், அந்த ஈரத்தைக் கொண்டுவரும் கடற்காற்றே நமக்கு மேல் எழும்பும் மேகத்தைத் தடுத்தும் விடுகிறது. கடற்காற்று என்பது தரையிலிருந்து சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மட்டுமே நிற்கும் மெல்லிய படலம். அதற்கு மேலே, உள்நாட்டு நிலத்தில் பகலெல்லாம் காய்ந்த மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வீசும் காற்று, சூடாகவும் ஈரமற்றும் பரவிக் கிடக்கும். கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்று அமைந்துவிட்டால் இட்லிப் பானைக்கு மூடி போட்டதைப் போன்றதுதான். கீழிருந்து எழும் ஆவி மூடியில் முட்டி நின்றுவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடற்காற்று புகுந்துவிடுகிற நாளில் வெயில் 34 டிகிரியோடு நின்று, புழுக்கம் மட்டும் மிஞ்சி, வானத்தில் இருக்கும் நாலைந்து பஞ்சுப்பொதிகளும் உயராமல் தட்டையாகவே நகர்ந்து போவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

மூடி திறப்பது உள்ளே, நிலப்பகுதியில். கடற்காற்றின் முன்விளிம்பு பிற்பகலில் பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று மேற்கே நகர்ந்து, 38 டிகிரிக்குக் காய்ந்த மண்ணின் மேல் எதிரே வரும் மேல்காற்றோடு மோதுகிறது. இரண்டுக்கும் போக வேறு வழி இல்லாததால் ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. கல்வராயன் மலைச் சரிவுகளும் அதே வேலையைச் செய்கின்றன. வானிலை அறிக்கையில் "கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்று வாசிக்கிறார்களே, அது இதே மோதலை மாநில அளவில் விரித்துச் சொல்வதுதான்.

நீங்கள் இரவில் பார்க்கும் மின்னல் அந்த மோதலில் பிறந்த மேகத்தினுடையது. அம்மேகத்தின் உச்சி 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரை போவதால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கல்வராயன் மலைமேல் நின்றாலும் மஞ்சக்குப்பத்து மாடியிலிருந்து ஒளி தெரியும். இடியோசையோ பெரும்பாலும் 15, 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே இடி கேட்காத மின்னலுக்காக வடகத்தை அள்ள வேண்டாம். மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தாலும் அங்கிருந்து இங்கே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், தனி மேகம் ஒன்றின் ஆயுளோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது சாகும்போது கொட்டும் குளிர்காற்று பக்கத்து ஈரக்காற்றைத் தூக்கிவிட்டுப் புதிய மேகத்தை உண்டாக்கினால்தான், இப்படியே கைமாறிக் கைமாறி மழை கடற்கரை வரை வரும். பாதி நாள்கள் அது விருத்தாசலத்தோடு நின்றுவிடுகிறது.

இப்போது போன வருடத்து நாளுக்கு வருகிறேன். புழுக்கமில்லை, அனல் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். மேல்காற்று வலுத்திருந்ததால் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல்தான் உள்ளே வந்திருக்கும். அதற்குள் கடலூர் மண்ணும் விருத்தாசலத்து மண்ணைப் போலவே காய்ந்து மூடி கழன்றுவிடும்; மோதும் இடமும் உள்ளே போகாமல் ஊருக்கு வெகு அருகிலேயே நின்றுவிடும். மேற்கேயிருந்து வரும் மேகத்தை மேலே வீசும் காற்றும் கடலை நோக்கித் தள்ளும். எனவே பங்குனி, சித்திரையில் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது புழுக்கத்தை விட, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதையே. தாமதமாக வந்த நாளில் மேற்கு வானத்தின் மீது ஒரு கண் இருக்கட்டும்.

மாடியிலேயே அடையாளம் பார்க்கலாம். கடற்காற்றில் கொடியில் காயும் வேட்டி மேற்குப் பக்கமாகப் பறக்கும். அது திடீரென்று துவண்டு நேராகத் தொங்கி, காற்று அடைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் கடல் பக்கமாகப் பறக்கத் தொடங்கி, அந்தக் காற்றில் சில்லிப்பும் மண்வாசனையும் இருந்தால், எங்கேயோ பெய்த மழையின் குளிர்காற்று உங்கள் வீட்டை எட்டிவிட்டது என்று பொருள். அப்போது கால்மணி நேரம்கூட இருக்காது, அள்ளிவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசி 60 சதவீதம் மழை என்கிறது. வானிலை மையம் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்கிறது. இரண்டில் எதை நம்பித் திருமண வரவேற்பைத் திறந்தவெளியில் வைப்பது?
(ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வானிலை மையத்தின் சொற்களுக்கு அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள்தான் மழை பதிவாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். "ஒருசில இடங்களில்" என்றால் கால்பங்குக்கு மேல் பாதி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். கோடை இடிமழை பெரும்பாலும் முதல் வகையிலேயே அடங்கிவிடும். வில்லியனூரில் வெள்ளம் ஓட, கடற்கரைச் சாலை காய்ந்து கிடப்பது அந்த அறிக்கையின் பிழை ஆகாது. கைப்பேசியின் சதவீதத்தை, பல மாவட்டங்களுக்கு மேல் பரவும் கார்த்திகை மழைக்கு நான் ஓரளவு மதிப்பேன். ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும் சித்திரை மழைக்கு அதை வைத்துப் பந்தல் போட மாட்டேன்.

வரவேற்பு நாளன்று மூன்று வேலை செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு வானத்தைப் பாருங்கள்: நடு உயரத்தில், அடிப்பக்கம் ஒரே கோடாகவும் மேல்பக்கம் கோட்டை மதிலின் கொத்தளங்கள் போல வரிசையாக எழும்பியும் சிறு மேகங்கள் நின்றால், மேலடுக்குக் காற்று அமைதியாக இல்லை என்று அர்த்தம். பிற்பகல் மூன்று மணியிலிருந்து காரைக்கால், சென்னை ரேடார்களின் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். ஒற்றைப் படத்தால் பயனில்லை, அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துச் சிவப்புத் திட்டுகள் கிழக்கே நகர்கின்றனவா, நின்ற இடத்திலேயே கரைகின்றனவா என்று கவனியுங்கள். அதன்பின், அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வெளியாகும் குறுகிய கால எச்சரிக்கையைப் பாருங்கள். காலையில் வரும் அறிக்கையை விடக் கோடையில் கைகொடுப்பது இதுதான். இவ்வளவும் செய்த பிறகும், மேசை நாற்காலிகளைக் கால்மணி நேரத்தில் நகர்த்தக்கூடிய ஒரு மண்டபம் பக்கத்தில் இருக்கட்டும் என்பதே என் யோசனை.

கேள்வி: போன வாரம் ஐந்தே நிமிடம் அடித்த காற்றில், காய் பிடித்திருந்த இரண்டு பலா மரங்களின் பெருங்கிளைகள் முறிந்துவிட்டன. மழை என்று பார்த்தால் வாசல்கூட நனையவில்லை. மழையில்லாமல் இப்படி ஒரு காற்றா?
(ஒரு விவசாயி, பண்ருட்டி வட்டம்)

பதில்: மழை பெய்தது, தரைக்கு வந்து சேரவில்லை. மேகத்திலிருந்து இறங்கிய துளிகள் கீழே உள்ள காய்ந்த காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்றைக் குளிரவைத்துக் கனமாக்கிவிடுகின்றன. கனத்த காற்று குடத்தைக் கவிழ்த்தாற்போல் நேர்கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறுகிறது. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் பலாவையும் முந்திரியையும் இழந்த பகுதி என்பதால் காற்று என்றதும் உங்கள் நெஞ்சு பதறுவது புரிகிறது. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று, சில நிமிடங்களில் அடங்கிவிடும். காய்ச் சுமையுள்ள கிளைகளுக்கு இப்போதே முட்டுக் கொடுத்துவிடுங்கள். காற்று எழும்போது முட்டுக் கொடுக்க மரத்தடிக்கு ஓட வேண்டாம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றுவிடும், எங்களைப் போன்ற ஃபைபர் படகுக்காரர்கள்தான் கரையோரமாகப் போய்வருவோம். கடலில் இருக்கும்போது இடி வந்தால் என்ன செய்வது?
(ஒரு மீனவர், தேவனாம்பட்டினம்)

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமும் கோடை இடிமழைக் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிட்டதால், கடலில் இடியைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மின்னலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுற்றிலும் தட்டையான கடலில், நிற்கும் மனிதனின் தலைதான் உயரமான பொருள். மின்னல் தெரிந்த கணத்திலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதன் அடுத்த மின்னல் உங்கள் படகில் இறங்க அந்தத் தூரம் ஒரு தடையே இல்லை. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிவதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. மேகத்தின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பிப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் தெளிந்த வானத்தின் கீழ் விழும் மின்னல்கள் உண்டு. எனவே முப்பது வரை காத்திராமல், இடியோசை காதில் விழுந்ததுமே வலையை இழுக்கத் தொடங்கிவிடுங்கள். மேகம் மேற்கே நிற்கும்போது கரைக்கு வருவது அதை நோக்கியே வருவதாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதனால்தான், கிளம்புவதற்கு முன்பே மேற்கில் இடி கேட்டால், கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும் வரை படகைத் தள்ளாதீர்கள் என்று சொல்கிறேன்.

நடுவில் மாட்டிக்கொண்டால், கம்பு, கொடி எது நிமிர்ந்து நின்றாலும் படுக்கவைத்துவிட்டு, படகின் நடுவில் தாழ உட்கார்ந்து, இயந்திரத்தையும் நனைந்த வலையையும் தொடாமல், கையைத் தண்ணீரில் விடாமல் இருங்கள். மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று தொடத் தயங்குகிறவர்கள் குப்பங்களில் இன்னமும் இருக்கிறார்கள். தங்கவே தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் அந்த நொடியிலிருந்தே மார்பை அழுத்தத் தொடங்கி, கரையில் உள்ளவர்களை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலியைப் படகில் ஒருவராவது வைத்திருங்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் அது எச்சரிக்கும். சிக்னல் கிடைக்கும் தூரம் வரைதான் அந்த உதவியெல்லாம்.

கேள்வி: அப்படியானால் கைப்பேசியே மின்னலை இழுத்துவிடாதா?
(கல்லூரி மாணவி ஒருவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இழுக்காது. ஆனால் சுவரில் சார்ஜரோடு மாட்டியிருக்கும் கைப்பேசியையும், வயர் உள்ள தொலைபேசியையும், இடி ஓயும் வரை காதில் வைக்காதீர்கள். வீட்டுக் கம்பியில் பாயும் மின்னல் அந்த வயர் வழியாகத்தான் வரும். குளியலையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.