திருகோணமலைக்குக் குடிவருகிறோம். ஊரைச் சுற்றி என்னென்ன பார்க்கலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

கணவருக்கு இடமாற்றம், இரண்டு வருடம் இருப்போம், சனி ஞாயிறு எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம், மற்ற நாட்களில் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் நிலாவெளி, கோணேசர் கோயில், கன்னியா என்று சொல்லிவிட்டார்கள். அதில் பிழையில்லை. நான் பதில் எழுத உட்கார்ந்தது "சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவோம்" என்ற அந்த ஒரு வரிக்காக. 2014இல் நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் இங்கே வந்து இறங்கினேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பக்கம். கணவருக்கு இங்கே ஒரு அரச அலுவலகத்தில் வேலை. உப்புவெளி 3ஆம் கட்டையில் வாடகைக்கு வீடு எடுத்தோம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் திரும்புவோம். இப்படி எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்தில் நான் பார்த்த திருகோணமலை என்பது வீட்டு மதில், மகனின் பள்ளிக்கூட வாசல், ஒரு மரக்கறிக் கடை, பஸ் நிலையம், அவ்வளவுதான். வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. இரவில் அலைச் சத்தம் கேட்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தது கிடையாது. அது யாரோ வேறு ஆட்களின் கடல் என்று மனதுக்குள் ஒரு எண்ணம்.

பிறகு அப்பா போய்விட்டார். செத்தவீடு, எட்டுச்செலவு, கீரிமலையில் 31ஆம் நாள் கிரியை எல்லாம் முடித்துத் திரும்பி வந்து கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, ஐம்பது தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அதுவரை மதிலுக்கு மேலால் சிரித்ததோடு சரி. ஒரு நாள் விடிய வந்து நின்றார்.

"தங்கச்சி, கன்னியாவுக்கு வாறீங்களா? எங்கட பெரியம்மாட முப்பத்தொண்டு. வேனில ஒரு இடம் கிடக்கு."

"நான் எதுக்கக்கா, நான் உங்கட சொந்தமில்லையே?"

"அங்க வாற ஆருக்கும் அது கேள்வியில்ல. வெளிக்கிடுங்க."

போனேன். கன்னியா நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் எட்டு கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். ஆழம் கிடையாது, குனிந்து வாளியால் அள்ளலாம், அடி தெளிவாகத் தெரியும். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய வாளால் குத்திய ஏழு இடத்திலும் வெந்நீர் பொங்கியது என்பது கதை. அதனால்தான் இந்தப் பக்கத்துச் சனம் அந்தியேட்டிக்கு, அதாவது அந்த 31ஆம் நாள் கிரியைக்கு, அங்கே போகிறது. எங்களுக்குக் கீரிமலை எப்படியோ, இவர்களுக்குக் கன்னியா அப்படி. கீரிமலைத் தண்ணீர் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். இங்கே தண்ணீர் சூடு, அதுவும் கிணற்றுக்குக் கிணறு வேறு வேறு சூடு.

அக்கா என் கையில் ஒரு வாளியைத் தந்து, ஒவ்வொரு கிணறாகக் கூட்டிப்போனார். முதலாவது சும்மா இளஞ்சூடு. அடுத்தது தோள் சுள்ளென்றது. இன்னொன்றில் ஒரு வாளி ஊற்றியதும் அப்படியே நின்றுவிட்டேன். சின்ன வயதில் காய்ச்சல் விட்ட மறுநாள் அப்பா கிடாரத்தில் தண்ணீர் சுட வைத்து, கையை விட்டுப் பார்த்துப் பார்த்து விளாவித் தருவார். அதே சூடு. ஈரச் சேலையோடு அந்தக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கீரிமலையில் எனக்கு அழுகை வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் என் வாளியை வாங்கி நிரப்பி, தலையில் இன்னும் மூன்று வாளி ஊற்றிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஊருக்குப் போகவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். புது ஊரில் பார்க்கிற இடங்களுக்குத் தனியாகப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே அலுவல் உள்ள ஒருவரோடு முதல் தடவை போங்கள். நேர்த்தி, பூசை, மீன் வாங்குவது, திதி, எதுவாகவும் இருக்கட்டும். சுற்றுலா வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு பழைய லேடிஸ் சைக்கிள் வாங்கினேன். காலையில் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு, பதினொரு மணிக்குள் வீடு. "பிள்ளையை விட்டுட்டு ஒரு பொம்பிளை தனியாக என்ன சுற்றல்" என்று கீழே யாராவது எழுதக்கூடும். அப்போதே நேரில் கேட்டவர்கள் உண்டு. மகன் பள்ளியில், கணவர் கந்தோரில், சமையல் ஆறு மணிக்கே முடிந்துவிடும். யாருடைய நேரத்தையும் நான் எடுக்கவில்லை.

உப்புவெளிக் கடற்கரையில் விடிய கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இடுப்பில் போட்டுப் பின்னால் பின்னால் வருவார்கள். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது தண்ணீர் நிறம் மாறும், காகமும் கடற்பறவையும் கூடிவிடும். சூடையும் நெத்தலியும் துள்ளத் துள்ள அங்கேயே வாங்கலாம். நான் மீன் பேர்களைச் சரியாகப் படித்தது அந்த மணலில்தான்.

அதே நிலாவெளி வீதியில் போர்வீரர் மயானம் இருக்கிறது. எட்டு மாதம் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருக்கிறேன், ஏதோ தோட்டம் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கல்லில் இருக்கிற வயதுகளை வாசியுங்கள். இருபது, இருபத்திரண்டு என்று கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. வீதியிலிருந்து சில தெரியும், உள்ளே போக முடியாது.

கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை அக்காவோடு போவேன். சம்பந்தர் பாடிய தலம், ஈழத்தில் தேவாரம் பெற்ற இரண்டில் ஒன்று, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். கோயில் கோட்டைக்குள் மலை உச்சியில் இருக்கிறது. எல்லோரும் கோட்டை வாசலை ஒரே ஓட்டமாகக் கடந்து மலைக்குப் போய்விடுகிறார்கள். நில்லுங்கள். அந்த வாசல் கல்லில் மீன் சின்னம் செதுக்கியிருக்கிறது. கூடவே தமிழ் எழுத்துகள், பாதி பாதியாக. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி பிரிப்பான் என்கிற பாட்டின் துண்டு அது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் போட்டுத்தான் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். கோயிலை இடித்த கதையைச் சொல்கிற கல், இடித்தவன் கட்டிய கோட்டையின் வாசலிலேயே நிற்கிறது. அக்கா போகும்போதும் வரும்போதும் அந்த மீனை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இப்போது நானும் அப்படித்தான்.

மலை உச்சியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடும். கீழே கடல் கரும்பச்சை. கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரியும், நகரத்துக்குள்ளும் வரும். தயவு செய்து அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள், லஞ்ச் சீட்டை வீசாதீர்கள். உப்பும் எண்ணெயும் பட்ட பொலித்தீனை மான் அப்படியே மென்று விழுங்குவதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து இழுக்கப் போனேன், ஓடிவிட்டது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

தனியாகப் போகக்கூடாத இடமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் கன்னியாவைத் தாண்டி, பன்குளம் பக்கமாக மிதித்து, ஒரு சின்னக் குளக்கட்டில் ஏறினேன். தாமரை பூத்துக் கிடந்தது, அழகாகத்தான் இருந்தது. கட்டின் நடுவில் ஆனை விட்டை, ஈரம் காயவில்லை. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா என்னைக் கண்டதும் சத்தம் போட்டார். "பிள்ளை, இரவு இதிலதான் நின்டது. இப்பவும் அந்தப் பத்தைக்குள்ளதான் நிக்கும். திரும்புங்க." மாட்டையும் விட்டுவிட்டுத் தார் றோட்டு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தார். அதற்குப் பிறகு பத்தைக்காட்டுப் பாதை எதிலும் தனியாக இறங்கியதில்லை. நீங்களும் இறங்காதீர்கள். காலை எட்டுக்கு முன்னும் பின்னேரம் ஐந்துக்குப் பின்னும் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வீடு தேடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்களுடைய முதல் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வருட முற்பணம் வாங்கியவர், வீட்டை விடும்போது அதில் பாதியைத் திருப்பித் தரவில்லை. காரணம், சுவர் உப்புப் பூத்துவிட்டதாம், நாங்கள் பழுதாக்கிவிட்டோமாம். கடலிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிற சுவர் உப்புப் பூக்காமல் என்ன செய்யும்? நாங்கள் வரும்போதே படிக்கட்டுப் பக்கம் சுண்ணாம்பு உரிந்துதான் இருந்தது. அப்போது ஒரு படம் எடுத்து வைக்கவில்லை, ஒரு துண்டில் எழுதி வாங்கவில்லை. அந்தக் காசில் மகனின் ஒரு வருடச் செலவு பார்த்திருக்கலாம். வீட்டுக்காரர் எல்லோரும் அப்படியில்லை, இப்போது இருக்கிற வீட்டம்மா எங்களைத் தன் பிள்ளைகள் போல வைத்திருக்கிறார். ஆனால் நீங்கள் சாவி வாங்குகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள்.

சரி, இடங்களுக்கு வருகிறேன். புறாமலைத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இலிருந்து அது தேசிய பூங்கா, டிக்கட் எடுக்க வேண்டும். காலையிலேயே போங்கள், பவளப் பாறையில் கால் வைக்காதீர்கள். கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்துங்கள். அந்த மாதங்களில் உள்ளூரில் யாரும் விளையாட்டுக்குக் கடலில் இறங்குவதில்லை.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் கட்டாயம் போங்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல், அதற்கு முன் "பாதை" என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். பஸ், லொறி, மாடு, மணப்பெண் எல்லாம் ஒரே பாதையில் போன கதையை அக்கா மணிக்கணக்காகச் சொல்வார். மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி ராசாவின் ஆட்களிடம் பிடிபட்டதும் இந்தக் கரையில்தான். மார்பிள் பீச்சைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, அழகான கடல், எல்லோரும் போகிறார்கள், போங்கள்.

அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்கூட்டியில் ஏற்றிப் போகிறேன். இரண்டு வருடம் என்று வந்த நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். கணவர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

உங்களிடம் சைக்கிள் இருந்தால் விற்றுவிடாமல் சாமானோடு லொறியில் ஏற்றுங்கள். வந்ததும் சங்கிலிக்கு நன்றாக எண்ணெய் விடுங்கள், இந்தக் காற்றுக்கு இரண்டு கிழமையில் கறள் பிடித்துவிடும்.