குலுக்கல் முறையில் குழந்தைக்குச் சிகிச்சையா?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 8 வயது. இரண்டு வாரங்களுக்கு முன் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். சிகிச்சை தொடங்கவிருக்கும் நேரத்தில், அவனை ஒரு மருத்துவ ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். "என் பிள்ளையைச் சோதனை எலியாக்க மாட்டேன்" என்கிறார் அண்ணன். நாங்கள் என்ன செய்வது, டாக்டர்?
– வாசகி ஒருவர், திருவண்ணாமலை

பதில்: உங்கள் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா; பெற்ற மனம் அப்படித்தான் பதறும். குலுக்கல் என்ற சொல்லே அவரைப் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு சிகிச்சைகளில் எது மேலானது என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தும் குலுக்கிப் போட்டால் அது பாவம். தெரியாத நிலையில், தெரிந்ததுபோல் ஒன்றைத் தேர்ந்து கொடுப்பதிலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது. அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்க, கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து, 2011ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கடுமையான காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்து, கைகால் சில்லிட்ட நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது அன்றைய பாடம். எனக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். அந்தப் பாடம் சரிதானா என்று 3141 குழந்தைகளிடம் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்கு உப்புநீர்க் கரைசலும், இன்னொரு பிரிவுக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த கரைசலும் வேகமாக ஏற்றப்பட்டன. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான அளவு திரவம் மட்டும் மெதுவாகத் தரப்பட்டது. வேகமாக ஏற்றிய இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் 100க்குச் சுமார் 10 அல்லது 11 குழந்தைகள் இறந்தார்கள். வேகமாக ஏற்றாத மூன்றாம் பிரிவில் இறந்தவர்கள் 100க்குச் சுமார் 7 பேர். முடிவுகளைக் கண்காணித்துவந்த தனிக்குழு சொன்னதன்பேரில் குழந்தைகளைச் சேர்ப்பது உடனே நிறுத்தப்பட்டது. (வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது.) தீவிர சிகிச்சை வசதியில்லாத அந்த மருத்துவமனைகளில், நன்மை என்று எல்லோரும் மனமார நம்பிய ஒன்று குழந்தைகளின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருக்காவிட்டால் அது இன்றுவரை தெரிந்திருக்காது.

உங்கள் அண்ணன் மகனுக்கு வந்திருக்கும் நோயும் அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான் வெல்லப்பட்டது. 1948இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தபோது 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் சில மாதங்களுக்குத்தான். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கே தொடங்கி, ஒவ்வோர் ஆய்விலும் சேர்ந்த குழந்தைகளால் ஒவ்வொரு படியாக ஏறித்தான், குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகை ரத்தப் புற்றுநோயில், வசதி மிகுந்த நாடுகளில் 10இல் 9 பேர் பிழைக்கும் நிலை வந்திருக்கிறது. இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். ஆய்வு என்றாலே புது மருந்தை ஏற்றிப் பார்ப்பது என்பதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகளுக்குத் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதனால் சிலருக்குப் பிற்காலத்தில் படிப்பும் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டன. இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவையில்லை என்று காட்டியவையும் ஆய்வுகள்தாம்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் அமர்ந்து கேளுங்கள். இரு பிரிவுகளுக்கும் பொதுவான சிகிச்சை எது, வேறுபடுவது எது? கூடுதலாக எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், எந்தச் செலவு யாருடையது? ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்கிறதா? சம்மதப் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். சேர மறுத்தாலும், சேர்ந்தபின் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. அது உங்கள் உரிமை. அவசரப்படுத்துகிறார்கள் அல்லது பதில் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால் மறுத்துவிடுங்கள். நான் உங்கள் பக்கம்தான். தெளிவாகப் பதில் சொன்னால், சேர்ப்பதற்கு அஞ்ச வேண்டாம் என்பது என் கருத்து.

பையனிடம் யாராவது பேசினீர்களா? 7 வயது நிறைந்த குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய நெறிமுறைகள். ஊசி எதற்கு, எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதை அவனுக்குப் புரியும்படி அவன் அப்பாவே சொன்னால் நல்லது.